ஆஞ்சியோடென்சின் 2: பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெயர் 'ப்ரில்' என்றோ 'சார்ட்டன்' என்றோ முடிகிற மாத்திரையை நீங்களோ வீட்டில் ஒருவரோ சாப்பிட்டு வந்தால், இந்தப் பக்கம் உங்களுக்காகத்தான். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஓல்மெசார்ட்டன் எல்லாமே ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஒரே ஹார்மோனைக் குறிவைக்கும் மருந்துகள். மருந்துக்கடை கவுன்டரில் நிற்கும் எனக்கு வந்து சேரும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும். சிலவற்றுக்குப் பழைய கதையையும் சொல்லியாக வேண்டும். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு இது உதவட்டும்.

ஆஞ்சியோடென்சின் 2 என்பது என்ன?

எட்டே எட்டு அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு சின்னப் பெப்டைடு. இன்சுலினில் 51 இருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சிறியது என்று புரியும். ரத்தத்தில் உருவாகி ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் சிதைந்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். உடம்பே தயாரிக்கும் பொருட்களில், குழாயைச் சுருக்கும் வலிமையில் முன்வரிசையில் நிற்பது இது.

இது எந்த உறுப்பில் சுரக்கிறது?

ஒரே உறுப்பில் என்று சொல்ல முடியாது. மூன்று உறுப்புகள் சேர்ந்து தயாரிக்கின்றன. கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற பெரிய புரதத்தை எப்போதும் ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. அது தானாக எதுவும் செய்யாது. சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடும்போதுதான் வேலை தொடங்குகிறது. ரெனின் அந்தப் பெரிய புரதத்தின் ஒரு நுனியிலிருந்து பத்து அமினோ அமிலங்களை நறுக்கி எடுக்கும். அதுதான் ஆஞ்சியோடென்சின் 1. அதற்கும் பெரிய வீரியம் கிடையாது. அப்புறம் ரத்தம் நுரையீரலைக் கடக்கும்போது, அங்குள்ள நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ஏஸ் என்ற நொதி கடைசி இரண்டு அமினோ அமிலங்களைக் கழற்றிவிடும். மிச்சமிருக்கும் எட்டுதான் நம் கதாநாயகன்.

இதில் கடிவாளம் சிறுநீரகத்தின் கையில் இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் நுழையும் குழாயில் அழுத்தம் குறைந்தாலோ, சிறுநீர் நுண்குழலில் உப்பு குறைவாக வந்தாலோ, பதற்றத்தின்போது முடுக்கிவிடப்படும் நரம்புகள் தூண்டினாலோ ரெனின் வெளியே வரும். 'தண்ணியும் உப்பும் போய்க்கிட்டிருக்கு, ஜாக்கிரதை' என்பதுதான் மூன்று அறிகுறிகளும் சொல்லும் சேதி.

ரத்தக் குழாயை எப்படிச் சுருக்குகிறது?

நுண்தமனிகளின் சுவரில் மென்தசைச் செல்கள் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். அவற்றின் மேற்பரப்பில் ஏடி1 என்ற ஏற்பி இருக்கிறது. ஆஞ்சியோடென்சின் 2 அதில் போய் உட்கார்ந்தால் செல்லுக்குள் கால்சியம் உயரும், தசை இறுகும், குழாயின் உள்வாய் குறுகும். கொஞ்சம் குறுகினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உள்விட்டம் வெறும் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த ஓட்டத்துக்கு எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். எதிர்ப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுவதுதான் காரணம். நானோகிராம் கணக்கில் மட்டுமே ரத்தத்தில் இருக்கும் ஒரு பொருள் உடம்பு முழுவதும் பிரஷரை ஏற்றிவிடுவது இப்படித்தான்.

குழாயைச் சுருக்குவதோடு இதன் வேலை முடிந்துவிடுகிறதா?

இல்லை. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. அது சிறுநீரில் போகவிருக்கும் சோடியத்தைப் பிடித்து உடம்புக்குள் திருப்பிவிடும், பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே அனுப்பும். இந்தப் பொட்டாசிய விஷயத்தை நினைவில் வையுங்கள், இளநீர்க் கேள்வியில் மறுபடியும் வரும். மூளையில் தாகத்தைக் கிளப்புவதும், சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரசின் என்ற இன்னொரு பெப்டைடு ஹார்மோனை வரவழைப்பதும் இதே ஆள்தான்.

அப்படியென்றால் இது நல்லதா கெட்டதா?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: இது எதிரி அல்ல. விபத்தில் ரத்தம் கொட்டியபோதோ, விடாமல் பேதி போனபோதோ, கத்திரி வெயிலில் வியர்த்து ஓய்ந்தபோதோ மயங்கிச் சரியாமல் நம்மைத் தாங்கிப் பிடித்ததில் இந்த ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆபத்து நேரத்தில் கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால் இது காப்பாற்றும். வருடக்கணக்கில் ஏறியே இருந்தால்தான் கெடுதல். அப்போது ரத்தக் குழாய்ச் சுவர் தடிக்கும், இதயத் தசை பருத்து நார்ப்பிடிக்கும், சிறுநீரக வடிகட்டிகளில் தழும்பு விழும். பிரஷர் ஏறுவதால் வரும் சேதம் ஒரு பக்கம், இந்த ஹார்மோன் நேரடியாகத் திசுக்களில் ஏற்படுத்தும் சேதம் இன்னொரு பக்கம்.

பிரேசில், வெனிசுலா எல்லையில் அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் சாப்பாட்டில் உப்புச் சேர்க்கும் வழக்கமே இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அளந்தபோது சராசரி ரத்த அழுத்தம் 95/61 அளவில்தான் இருந்தது. வயதானாலும் ஏறவில்லை. ஆனால் அவர்கள் ரத்தத்தில் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் எக்கச்சக்கம். உப்பே கிடைக்காத இடத்தில், கிடைக்கும் துளியையும் விடாமல் பிடித்துவைப்பதற்காக மொத்த அமைப்பும் முழு வேகத்தில் ஓடுகிறது, அதனால் அவர்களுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. நம் தட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் தீனி என்று உப்பு குவிந்து கிடக்கிறது. அவ்வளவு உப்பு உள்ளே போகும்போது இந்த அமைப்பு அடங்கிப்போக வேண்டும். பிரஷர் உள்ள பலருக்கு அது அடங்க வேண்டிய அளவுக்கு அடங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புப் போதும் என்கிறது. சமையலில் போடுவதும் தீனியில் வருவதும் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஒருவர் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. 1898-இல் ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகெர்ஸ்டெட், தன் மாணவர் பெர் பெர்க்மனுடன் சேர்ந்து, முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்கு ஊசியில் ஏற்றினார். பிரஷர் ஏறியது. சாற்றில் இருக்கும் அந்த ஏதோ ஒன்றுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். அவர் நோய்க்குறியியல் நிபுணர். பிரஷரோடு இறந்தவர்களின் உடலைப் பரிசோதிக்கும்போது சிறுநீரகத் தமனிகள் குறுகியிருப்பதை அவர் பார்த்திருந்தார். பிரஷரால் தமனி குறுகியதா, தமனி குறுகியதால் பிரஷர் வந்ததா என்ற கேள்வி அவரை விடவில்லை. நாய்களின் சிறுநீரகத் தமனியில் ஒரு சின்ன வெள்ளிக் கவ்வியைப் போட்டு, முழுக்க அடைக்காமல் லேசாக இறுக்கினார். பிரஷர் ஏறியது, ஏறியபடியே நின்றது. ரத்தம் போதாத சிறுநீரகம் எதையோ ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் பிரஷரை ஏற்றுகிறது என்பது அதோடு தெளிவாயிற்று.

அந்த 'எதையோ' பிடிக்க இரண்டு குழுக்கள் தனித்தனியாக முயன்றன. அர்ஜென்டினாவின் புவனஸ் ஐரிஸில் எத்வார்தோ பிரவுன் மெனந்தெஸ் குழு, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் இர்வின் பேஜ் குழு. 1940-ஐ ஒட்டி இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ரெனின் தானாகக் குழாயைச் சுருக்குவதில்லை, ரத்தத்தில் உள்ள புரதம் ஒன்றை வெட்டி, சுருக்கும் பொருளை உருவாக்குகிறது. அந்தப் பொருளை அர்ஜென்டினா குழு ஹைபர்டென்சின் என்றது, அமெரிக்கக் குழு ஆஞ்சியோடோனின் என்றது. 1958-இல் இரு தரப்பும் சேர்ந்து ஆஞ்சியோடென்சின் என்று முடிவு செய்தன. இதற்கிடையே 1950-களில் கிளீவ்லாந்தில் லெனார்ட் ஸ்கெக்ஸ், அதில் 1, 2 என இரண்டு வடிவம் இருப்பதையும், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஏஸ் நொதியையும் கண்டுபிடித்துவிட்டார்.

பிரஷர் மாத்திரை பாம்பு விஷத்திலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

யோசனை அங்கிருந்துதான் வந்தது. மாத்திரையில் விஷம் ஒரு துளிகூடக் கிடையாது. இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல எனக்கு எப்போதுமே ஆசை.

பிரேசிலில் ஜராராகா என்றொரு விரியன் இனம் உண்டு. கடித்தால் பிரஷர் அடியோடு இறங்கிவிடும். 1949-இல் மவுரிசியோ ரோச்சா இ சில்வாவும் சகாக்களும் இந்த விஷத்தை வைத்து ஆராய்ந்தபோது பிராடிகினின் என்ற பெப்டைடைக் கண்டார்கள். அது குழாயை விரிப்பது, நம் ஹார்மோனுக்கு நேர் எதிர். 1965-இல் அவருடைய மாணவர் செர்ஜியோ பெரேரா, பிராடிகினின் சீக்கிரம் சிதையாமல் தடுக்கும் ஒரு பொருளும் அதே விஷத்தில் இருப்பதாகச் சொன்னார். அந்தச் சாற்றை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேன் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே வேலை பார்த்த மிக் பாக்லே அதை ஏஸ் நொதியோடு கலந்து பார்த்தார். நொதி முடங்கியது.

ஏன் என்றால், ஆஞ்சியோடென்சின் 2-ஐ உருவாக்குவதும் பிராடிகினினை அழிப்பதும் ஒரே நொதிதான். சுருக்கும் பொருளை உண்டாக்கிக்கொண்டே விரிக்கும் பொருளை ஒழித்துக்கட்டுகிறது. அதை முடக்கினால் இரண்டு வழியிலும் பிரஷர் இறங்கும். பாம்பு தன் இரையை மயக்க வைத்திருந்த உத்தி இதுதான்.

விஷத்தில் இருந்த பெப்டைடு ஒன்றை ஸ்குவிப் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் செயற்கையாகத் தயாரித்து டெப்ரோடைடு என்று பெயரிட்டது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது பிரஷர் குறைந்தது. ஆனால் ஒன்பது அமினோ அமிலப் பெப்டைடை வாயால் சாப்பிட்டால் குடலிலேயே செரித்துவிடும். ஊசியாகத்தான் போட முடியும். வாழ்நாள் முழுவதும் யார் ஊசி போட்டுக்கொள்வார்கள்? அங்கே வேலை செய்த டேவிட் குஷ்மன், மிகேல் ஒன்டெட்டி இருவரும் வேறு வழியில் யோசித்தார்கள். ஏஸ் நொதியின் நடுவில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. அதே மாதிரி துத்தநாகம் உள்ள கார்பாக்சிபெப்டிடேஸ் என்ற செரிமான நொதியின் அமைப்பு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. அதை முன்மாதிரியாக வைத்து, துத்தநாகத்தைக் கந்தகத்தால் கவ்விப்பிடிக்கிற ஒரு சின்ன மூலக்கூறை வரைந்து, 1975-இல் தயாரித்தும் விட்டார்கள். அதுதான் காப்டோப்ரில். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் சோதித்துப் பார்ப்பதே மருந்து தேடும் வழியாக இருந்த காலத்தில், நொதியின் வடிவத்தை மனதில் வைத்து மருந்தை வரைந்தார்கள். மருந்தியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வறட்டு இருமல். சம்பந்தம் உண்டா?

'ப்ரில்' வகை என்றால் பெரும்பாலும் உண்டு. சிதையாமல் தங்கிவிடும் பிராடிகினின் தொண்டையையும் மூச்சுக்குழாயையும் உறுத்துவதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, படுத்தால் கூடும். ஆய்வுகளில் நூற்றுக்கு 5 முதல் 20 பேர் வரை இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களுக்கும் ஆசிய மக்களுக்கும் அதிகம்.

கடையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஓர் அம்மா மாதாமாதம் வந்து, "தம்பி, போன தடவ குடுத்த அதே டானிக்கையே குடுப்பா, ராத்திரி தூக்கமே இல்ல" என்பார். ஒரு நாள் அவர் பையிலிருந்து எடுத்து நீட்டிய சீட்டில் எனலாப்ரில் 5 மி.கி. இருந்தது. "அம்மா, இந்த மாத்திரை எப்பருந்து சாப்பிடுறீங்க?" என்றேன். "பொங்கலுக்கு அப்புறம்தான்பா." "இருமல்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் அப்பருந்துதான்" என்றார். டானிக்கைக் கொடுக்காமல் டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். அவர் சார்ட்டன் வகைக்கு மாற்றினார். இருமல் மறுநாளே நிற்கவில்லை. சில வாரங்களில் மெல்ல அடங்கியது, பொதுவாக அப்படித்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாற்று இருக்கும்போது இந்த இருமலைச் சகித்துக்கொண்டிருக்க எந்த அவசியமும் இல்லை.

இருமலை விட அரிதாக, ஆனால் ஆபத்தாக வருவது உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்குவது. மாத்திரை தொடங்கி மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் வரலாம். மூச்சு அடைக்கக்கூடியது என்பதால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒருமுறை வந்தவர் ப்ரில் வகையை அதற்குப் பிறகு தொடவே கூடாது.

ப்ரில், சார்ட்டன் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சேர்த்துச் சாப்பிடலாமா?

ப்ரில் ஏஸ் நொதியை முடக்கி, ஹார்மோன் உருவாவதைக் குறைக்கிறது. சார்ட்டன் ஹார்மோனை உருவாக விட்டுவிட்டு, அது உட்காரும் ஏடி1 ஏற்பியை மறித்துக்கொள்கிறது. பிராடிகினின் பக்கம் போகாததால் இருமல் மிகக் குறைவு. முதல் சார்ட்டனான லோசார்ட்டன் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். 2008-இல் வெளிவந்த ஆன்டார்கெட் ஆய்வு டெல்மிசார்ட்டனையும் ராமிப்ரிலையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தது. சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. தலைசுற்றலும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடின. இரண்டு டாக்டர்களிடம் போய் இரண்டு சீட்டு வாங்கியவர்கள் இரண்டையும் சேர்த்து விழுங்குவது நடக்கிறது. சீட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

அதிகம் பயமுறுத்தும் கேள்வி இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். ஆஞ்சியோடென்சின் 2 வெளியே போகும் குழாயைத்தான் அதிகம் சுருக்கும். வடிகால் மடையைக் கொஞ்சம் அடைத்தால் வயலில் தண்ணீர் மட்டம் நிற்பதைப் போல, வடிகட்டிக்குள் அழுத்தம் நிற்கும். உடம்பில் தண்ணீர் குறைந்த நேரத்தில் இது நல்லது, வடிகட்டும் வேலை தடைபடாது. ஆனால் சர்க்கரை நோயில் இந்த உள்ளழுத்தம் நாள் முழுவதும் உயர்ந்தே இருந்து, வடிகட்டி ஓட்டையாகி, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கும்.

மாத்திரை அந்த வெளிவாயைத் தளர்த்துகிறது. உள்ளழுத்தம் இறங்குகிறது. வடிகட்டும் வேகமும் கொஞ்சம் குறைவதால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ரத்தப் பரிசோதனையில் சற்று ஏறும். 0.9 இருந்தது 1.1 ஆனதைப் பார்த்துவிட்டு "கிட்னி போச்சு" என்று மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தை, அது அங்கேயே நின்றுவிட்டால், மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். வடிகட்டியின் சுமை குறைந்ததன் அடையாளம் அது. நீண்ட காலத்தில் சிறுநீரகம் பிழைக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் காப்டோப்ரில் கொடுத்த 1993 ஆய்வில், இறப்பு, டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றின் ஆபத்து பாதியாகக் குறைந்தது. இரண்டாம் வகையினருக்கு லோசார்ட்டன் கொடுத்த 2001 ஆய்வில், சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் ஆபத்து 28 சதவீதம் குறைந்தது.

ஏற்றம் 30 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டர் காரணம் தேடுவார். இரண்டு சிறுநீரகத் தமனிகளும் சுருங்கியிருப்பவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. கோல்ட்பிளாட் நாயில் உண்டாக்கிய நிலைதான் அது. அங்கே சிறுநீரகம் இந்த ஹார்மோனை நம்பியே ஓடுகிறது. அதனால்தான் மாத்திரை தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இளநீர் குடிக்கலாமா? வாழைப்பழம்?

சிறுநீரகம் நன்றாக இருந்து பொட்டாசியமும் சரியாக இருந்தால், அளவோடு தாராளமாக. ஆல்டோஸ்டிரோன் குறைவதால் பொட்டாசியம் வெளியேறுவது மட்டுப்படும் என்பதுதான் இங்கே கவலை. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தாலோ ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி, பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும் மருந்து கூடவே இருந்தாலோ பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். அவர்கள் இளநீர், பழச்சாறு எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இளநீரைப் பற்றிக் கேட்கிறவர்கள் கேட்காமல் விடுவது சோடியம் குறைந்த உப்பைப் பற்றி. 'பிரஷருக்கு நல்லது' என்று வாங்குகிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. பாக்கெட்டின் பின்பக்கம் படித்துவிட்டு, அதைக் காட்டிக் கேளுங்கள்.

வாந்தி, பேதி வந்தால் மாத்திரையைத் தொடரலாமா?

இதை மாத்திரை ஆரம்பிக்கும் நாளிலேயே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் பேதி போகும்போது கேட்க ஆள் இருக்காது. உடம்பில் தண்ணீர் வற்றும்போது வடிகட்டியைக் காப்பாற்ற வருவது ஆஞ்சியோடென்சின் 2. அந்த நேரத்தில் மாத்திரை அதன் கையைக் கட்டிப்போட்டிருக்கும். நன்றாக இருந்த சிறுநீரகம் இரண்டே நாளில் திடீர்ச் செயலிழப்புக்குப் போவது இப்படித்தான். சாப்பாடும் தண்ணீரும் தங்காத நாட்களில் நிறுத்திவைத்து, ஒன்றிரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டபின் மறுபடி தொடங்கச் சொல்லும் டாக்டர்கள் பலர். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அதே அறிவுரை பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் கேட்காமல் நிறுத்தவே வேண்டாம். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

மூட்டுவலிக்கு வலி மாத்திரை போடலாமா?

டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் வகையறாக்களை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவை வடிகட்டியின் உள்வாய்க் குழாயைச் சுருக்கும், நம் மாத்திரை வெளிவாயைத் தளர்த்தும். கூடவே சிறுநீரை அதிகம் கழிக்க வைக்கும் மாத்திரையும் இருந்தால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை ஒரே அடியாக அடித்துவிடும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் பாதுகாப்பானது.

கர்ப்ப காலத்தில்?

கூடாது, ப்ரிலும் சரி, சார்ட்டனும் சரி. வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகம் வளரவும் வேலை செய்யவும் இந்த ஹார்மோன் தேவை. நான்காம் மாதத்துக்குப் பிறகு இந்த மாத்திரை உள்ளே போனால் குழந்தையின் சிறுநீரகம் செயலிழந்து, பனிக்குடத் தண்ணீர் வற்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரு உறுதியானால் அன்றைக்கே போய்ப் பாருங்கள். லேபெட்டலால், நிபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. கல்யாணமான இளம்பெண்ணின் சீட்டில் சார்ட்டனைப் பார்த்தால் நான் தயங்காமல் கேட்டுவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பிரஷரே இல்லாதவருக்கு இதய டாக்டர் ராமிப்ரில் எழுதியிருக்கிறார். தவறா?

இல்லை. பலவீனமான இதயம் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாதபோது, ரத்தம்தான் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் நினைத்துக்கொள்கிறது. ரெனினை விடுகிறது. குழாய்கள் சுருங்கி, உப்பும் நீரும் தேங்கி, ஏற்கெனவே களைத்த இதயத்தின் மேல் இன்னும் சுமை ஏறுகிறது. அந்தச் சுற்றை மருந்து உடைக்கிறது. 1987-இல் பின்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 253 பேரிடம் நடந்த கன்சென்சஸ் ஆய்வில், ஆறு மாதத்துக்குள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள், எனலாப்ரில் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம்.

இந்த ஹார்மோனையே மருந்தாகக் கொடுப்பதுண்டா?

உண்டு. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி, குழாய்கள் எல்லாம் தளர்ந்து பிரஷர் பாதாளத்துக்குப் போகும் நிலையில், நார்அட்ரினலின் போன்ற வழக்கமான மருந்து போதாதவர்களுக்குச் செயற்கையாகத் தயாரித்த ஆஞ்சியோடென்சின் 2-ஐ ரத்தக் குழாய் வழியே ஏற்றலாம். 2017-இல் வெளிவந்த ஏதோஸ் 3 ஆய்வில், மூன்று மணி நேரத்துக்குள் பிரஷர் எதிர்பார்த்த அளவுக்கு ஏறியவர்கள் இந்த மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம், பெறாதவர்களில் 23 சதவீதம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொடக்க அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 20 நானோகிராம். 60 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்கு ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே கொடுப்பார்கள்.

கோவிட் வந்தால் இந்த மாத்திரை ஆபத்து என்று அப்போது பேசினார்களே?

கோவிட் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடிக்கும் கைப்பிடி ஏஸ் 2 என்ற நொதி. 2000-இல் கண்டுபிடிக்கப்பட்ட அது, ஏஸின் உறவு, ஆனால் வேலை எதிர்மாறு: ஆஞ்சியோடென்சின் 2-இலிருந்து ஓர் அமினோ அமிலத்தைக் கழற்றி, குழாயை விரிக்கும் பொருளாக மாற்றுகிறது. இந்த மாத்திரைகள் ஏஸ் 2-ஐக் கூட்டிவிடுமோ என்ற பயத்தில் 2020-இல் பலர் தாங்களே நிறுத்தினார்கள். பிறகு நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், தொடர்ந்தவர்களுக்கு நிறுத்தியவர்களைவிடக் கெடுதல் எதுவும் தெரியவில்லை.

ரத்தத்தில் இதன் அளவைப் பரிசோதிக்க முடியுமா?

எடுத்த சில நிமிடங்களில் சிதைந்துவிடுவதால் வழக்கமான லேபுகளில் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் அளந்து விகிதம் பார்ப்பார்கள். மூன்று பிரஷர் மருந்து சாப்பிட்டும் பிரஷர் அடங்காதவர்கள், பொட்டாசியம் காரணமில்லாமல் குறைந்தவர்கள், சின்ன வயதிலேயே பிரஷர் வந்தவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் அவசியம் கேட்க வேண்டும். அட்ரீனல் சுரப்பி தன்னிச்சையாக ஆல்டோஸ்டிரோனைக் கொட்டும் நோய் பலருக்குக் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. அதற்குச் சிகிச்சை வேறு.

பிரஷர் நார்மல் ஆகிவிட்டது, நிறுத்திவிடலாமா?

நார்மல் ஆனது மாத்திரையால். நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பெரும்பாலோருக்குத் திரும்ப ஏறிவிடும், ஏறுவது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. எடை நன்றாகக் குறைந்து, உப்பைக் குறைத்து, நடைப்பயிற்சியும் பிடித்துக்கொண்டவர்களுக்கு டோஸைக் குறைக்க வாய்ப்பு உண்டு. அதற்கு வீட்டிலேயே ஒரு வாரம் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாள் இருந்தால் டாக்டரால் தைரியமாக முடிவெடுக்க முடியும்.

காலையில் சாப்பிடுவதா, ராத்திரியா?

பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2022-இல் வெளிவந்த டைம் ஆய்வில், காலையில் சாப்பிட்டவர்களுக்கும் இரவில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாத விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.